250 என்ற சொல்

“போய்ச் சேரலைன்னா திரும்பி வந்திருக்குமே மேடம்.”

2006-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சர்வர் அறைக்கு வெளியே என் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டு ஒரு பையன் சொன்னது இது. அரியலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். ஆராய்ச்சி இடம் கேட்டு எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு மே மாதமே மெயில் அனுப்பியிருக்கிறான். பதில் வரவில்லை. பெரியவர்கள் பதில் போட நாளாகும் என்று பொறுத்திருக்கிறான். பொறுத்துப் பொறுத்து நேரில் வந்தால், அப்படி ஒரு மெயிலே தனக்கு வரவில்லை என்றார் பேராசிரியர். இடமும் நிரம்பிவிட்டிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் பார்த்துக்கொண்டிருந்த மெயில் சர்வர். அதற்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அவனை உட்காரச் சொல்லிவிட்டு லாகில் தேடினேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது. மே மாதம் ஒரு மாலையில் அவன் மெயில் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. என் நிரல் அதற்கு 11.4 மதிப்பெண் போட்டிருக்கிறது. பத்துக்கு மேல் போனால் குப்பை என்று நான் வைத்த கோடு. அடுத்த வரியில் எங்கள் சர்வர், மெயிலைக் கொண்டுவந்த சர்வரிடம் “250” என்று சொல்லியிருக்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். அதற்கடுத்த வரி, கடிதத்தை அழித்ததற்கான பதிவு.

மதிப்பெண் எப்படி ஏறியது என்று பிரித்துப் பார்த்தேன். அவன் உட்கார்ந்த பிரவுசிங் சென்டரின் இணைய எண் ஒரு கருப்புப் பட்டியலில் இருந்தது. அதற்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்த யாரோ செய்த வேலை. இணைப்பாக ஒரு ஜிப் கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அவன் தலைப்பைத் தமிழில் எழுதியிருந்தான். யூனிகோட் இன்னும் முழுதாகப் பரவாத காலம். டிஸ்கி குறியாக்கத்தில் தட்டிய எழுத்துகள் அப்படியே எட்டு பிட் எண்களாகத் தலைப்பில் நின்றிருந்தன. தலைப்பில் அனுமதியில்லாத எழுத்துகள் என்று ஒரு விதி அதற்குத் தனியாக மதிப்பெண் கூட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ப் பையன் தமிழில் தலைப்பு எழுதியது, நான் பொருத்திய காவலுக்குக் குற்றமாகத் தெரிந்திருக்கிறது.

மெயில் வாசலில் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். அங்கே நடப்பது இரண்டு கணினிகளுக்குள் ஒரு பேச்சு. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி நெறிதான் அடிப்படை; பிறகு விரிந்தது, திருத்தப்பட்டது, எலும்பு மாறவில்லை. வந்தவர் கதவைத் தட்டுகிறார். உள்ளிருப்பவர் 220 என்கிறார். வந்தவர் தன் பெயரைச் சொல்கிறார். யாரிடமிருந்து கொண்டுவந்தேன், யாருக்குக் கொண்டுவந்தேன் என்கிறார். பிறகு கடிதத்தை வாசிக்கத் தொடங்குகிறார். வாசித்து முடித்ததற்கு அடையாளமாக ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைக்கிறார். ஒவ்வொரு படியிலும் உள்ளிருப்பவர் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் தொடங்கினால் சரி. நான்கில் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. ஐந்தில் தொடங்கினால் இல்லை.

இந்தப் பேச்சின் நடுவே நம் சொந்த நிரலை மாட்டிவிட இடம் விட்டிருப்பார்கள். ஹூக் என்போம். சட்டை மாட்டுகிற கொக்கிதான். அப்போது நான் பயன்படுத்திய சர்வர் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட க்யூபிஎஸ்எம்டிபிடி. க்யூமெயில் என்ற மெயில் சர்வரின் வாசல் பகுதிக்கு மாற்றாக ஆஸ்க் பியோர்ன் ஹான்சன் தொடங்கியது. க்யூமெயிலின் வாசல், அந்தப் பெயரில் உள்ளே ஆள் உண்டா என்றுகூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். மாற்று தேவைப்பட்டதற்கு அது ஒரு காரணம். இந்தப் புதிய சர்வரோ தானாக எதையும் முடிவு செய்யாது. தட்டும்போது ஒரு கொக்கி, பெயர் சொல்லும்போது ஒன்று, பெறுநரைச் சொல்லும்போது ஒன்று, புள்ளி வைத்த பிறகு ஒன்று. ஒவ்வொரு கொக்கியிலும் நாம் எழுதிய நிரல்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சர்வர் ஒவ்வொன்றிடமும் கேட்கும். நிரல் “ஓகே” எனலாம், “டினை” என்று மறுக்கலாம், “டினைசாஃப்ட்” என்று பிறகு வரச் சொல்லலாம். “டிக்லைன்ட்” என்றால், என்னிடம் தீர்ப்பு இல்லை, அடுத்தவரைக் கேள் என்று பொருள். நன்றாக எழுதிய நிரல் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிலைத்தான் சொல்லும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விலகும் அந்தப் பதிலின் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

நான் மாட்டியது கடைசிக் கொக்கியில். புள்ளி விழுந்த பிறகு, பதில் சொல்வதற்கு முன்னால் உள்ள இடைவெளி அது. அனுப்புகிறவர் அந்தப் பதிலுக்காகப் பத்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்கிறது நெறி. கடிதம் முழுவதையும் பார்த்தாயிற்று. இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. காவல்காரனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே நின்றுகொண்டு நான் “250” என்று சொல்லச் செய்துவிட்டு, கடிதத்தை அழித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அன்று என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. வெளிப்படையாக மறுத்தால் குப்பை அனுப்புகிறவன் எது பிடிபடுகிறது என்று கற்றுக்கொள்வான். வேறு மாதிரி எழுதி மறுபடி வருவான். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பலாம் என்றால், அவன் போட்டிருக்கும் அனுப்புநர் முகவரி திருடியது. எங்கோ இருக்கும் அப்பாவியின் பெட்டியில் போய் விழும். ஆகவே வாங்கிக்கொண்டதாகச் சொல்லி ஓசையில்லாமல் அழிப்பதே யாருக்கும் தொந்தரவில்லாத வழி என்று நினைத்தேன். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறாரே, அதைக்கூட ஒரு சக ஊழியரிடம் சொல்லி வாதாடியது நினைவிருக்கிறது. அந்தக் குறளில் நன்மைக்கு முன்னால் நிற்கும் அடைமொழியை நான் போதுமான அளவு படிக்கவில்லை. குற்றமில்லாத நன்மை. அது குற்றமில்லாததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அழித்த கடிதம் யாருடையது என்று அழித்தவளுக்குத் தெரியாமல் இருப்பதற்காகத்தானே அந்த ஏற்பாடே.

என் துறையின் நூலும் இதைச் சொல்லியிருக்கிறது. இணைய நெறிகளை வகுக்கும் ஆர்எஃப்சி வரிசையில், 1989-இல் வந்த 1123-ஆம் ஆவணத்தில் இருக்கிறது. 2008-இல் வந்த 5321-ஆம் ஆவணத்திலும் இருக்கிறது. கடிதத்துக்கு 250 என்று பதில் சொன்ன கணத்திலிருந்து அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உன்னுடையது. அற்பக் காரணத்துக்காக அதைத் தொலைக்கக் கூடாது. பின்னால் இயந்திரம் விழுந்துவிட்டது என்பதும் காரணமாகாது. அதனால்தான் நல்ல மெயில் சர்வர்கள் கடிதத்தை வட்டில் எழுதி, எழுதியது உறுதிதானா என்று பார்த்த பிறகே 250 சொல்லும். அதுவரை கடிதம் அனுப்பியவரின் சர்வரிலும் இருக்கிறது. இந்த மூன்று இலக்கத்தைக் கேட்டதும் அவர் தன் பிரதியை அழித்துவிடுகிறார். கேட்டு நம்பிக் கையை விடுகிறார். ஒருவர் கையை விடுவதற்குக் காரணமாக இருக்கும் சொல்லைச் சாதாரணத் தகவல் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

5321-ஆம் ஆவணம் ஒரு சந்து விட்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மோசடி அல்லது வேறு வகையில் தகாதது என்று மிக மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஓசையில்லாமல் கைவிடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. என் 11.4 அந்த உறுதி இல்லை. எந்த மதிப்பெண்ணும் அந்த உறுதி ஆகுமா என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். அப்பா வால்மீகி ராமாயணம் பாராயணம் செய்பவர். அந்த வருடம் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததால் மாலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்க எண்ணைப் பார்த்துச் சொல்வேன், தடுமாறும் இடத்தில் எடுத்துக்கொடுப்பேன். பையன் வந்துபோன சில வாரங்களில் யுத்த காண்டம் பதினேழாம் சர்க்கம் வந்தது. விபீஷணன் வந்து நிற்கும் இடம். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டது. அன்று வேறு மாதிரி கேட்டது.

நான்கு துணைவர்களோடு வருகிறான். தரையில் இறங்கவில்லை, வானத்திலேயே நிற்கிறான். தன்னை மறைக்காமல், ராவணனின் தம்பி என்றே சொல்லிக்கொள்கிறான். கீழே ஆலோசனை நடக்கிறது. சுக்ரீவன், இவன் ஒற்றன், கொன்றுவிடலாம் என்கிறான். அங்கதன், குணத்தையும் குற்றத்தையும் எடை போடு, குணம் மிகுந்தால் ஏற்றுக்கொள், குற்றம் மிகுந்தால் விடு என்கிறான். நான் மதிப்பெண் போட்டதும் இப்படித்தான். சரபன், ஆள் விட்டு வேவு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறான். ஜாம்பவான், பகைவன் இடத்திலிருந்து, வரக்கூடாத நேரத்தில், வரக்கூடாத இடத்துக்கு வந்திருக்கிறான், நம்பாதே என்கிறான். கருப்புப் பட்டியலின் வாதமும் அதுதான். மைந்தன், மெதுவாகக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்கிறான். கடைசியில் அனுமன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான். ஒரு வேலையில் வைத்துப் பார்க்காமல் குணம் தெரியாது. வந்த உடனே வேலை கொடுப்பதும் சரியல்ல. கண்ணெதிரே நிற்பவனை வேவு பார்க்க என்ன இருக்கிறது? நல்லவனையும் திடீரென்று குடைந்து கேட்டால் அவன் மனம் கோணும். பேச்சில் கோணல் இல்லை, முகம் தெளிந்திருக்கிறது, ஏற்கலாம்.

என் கொக்கிகள் வரிசையாக நின்று பேசுவதாகவே எனக்குப்பட்டது. ஆனால் அந்த மாலையில் என்னை உலுக்கியது யார் சொன்னது சரி என்பதல்ல. இத்தனை வாதத்தின்போதும் அவன் வானத்திலேயே நிற்கிறான். யாரும் இன்னும் அவனை வா என்று சொல்லவில்லை. எல்லாச் சந்தேகமும், கொல்லலாம் என்ற கடுமை உட்பட, வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், சபையில், வாய்விட்டுப் பேசப்படுகிறது. பதினெட்டாம் சர்க்கத்தில் ராமன், வேட்டைக்காரனுக்குத் தன் உடலையே கொடுத்த புறாவின் கதையைச் சொல்லி, வந்தவன் ராவணனே ஆனாலும் அபயம் கொடுத்தேன், போய் அழைத்து வா என்று சுக்ரீவனையே அனுப்புகிறான். மறுத்தவன் கையாலேயே வரவேற்பு. அதற்குப் பிறகு ஒருவரும் பழைய சந்தேகத்தை எடுத்துக்கொண்டு மறைவில் போகவில்லை.

வா என்று சொல்லி உள்ளே அழைத்து, இருட்டில் முடித்துவிடலாம் என்று அந்தச் சபையில் ஒருவரும் சொல்லவில்லை. சுக்ரீவன்கூடச் சொல்லவில்லை. நான் அதைத்தான் நிரலாக எழுதியிருந்தேன்.

சரணாகதியைப் பற்றிப் பேசும்போது வைணவ ஆசிரியர்கள் இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். வேதாந்த தேசிகர் இதற்கென்றே அபயப்ரதான சாரம் எழுதினார். சரணடைந்தவன் பக்கத்திலிருந்து இதைப் படிப்பது நம் வழக்கம். வாசல் காக்கிறவள் நான். எனக்கு வேறு கேள்வி. அபயம் கொடுக்க ராமனால் முடிகிறது, ஏனென்றால் கொடுப்பது அவனுடையது. நான் காக்கும் வாசல் என்னுடையதல்ல. உள்ளே இருக்கும் பெட்டிகள் பேராசிரியர்களுடையவை, மாணவர்களுடையவை. ராவணனே ஆனாலும் வரட்டும் என்று அவர்கள் சார்பில் சொல்ல எனக்கு உரிமையில்லை. சுக்ரீவனின் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ராமன் மேல் வைத்த அன்பினால் வந்த பயம் அது என்று அப்பா சொல்வார். உள்ளே இருப்பவர்களைக் காப்பதற்காக நான் மறுக்கலாம், காத்திருக்கச் சொல்லலாம், விடலாம். எனக்குக் கொடுத்த அதிகாரம் இவ்வளவுதான். ஏற்றேன் என்று சொல்லி அழிக்கும் அதிகாரத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டது.

காத்திருக்கச் சொல்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003-இல் இவான் ஹாரிஸ் எழுதிய கிரேலிஸ்டிங் என்ற முறை அப்போது புதிது. முன்பின் தெரியாதவர் முதல்முறை வந்தால் நான்கில் தொடங்கும் பதில்: இப்போது முடியாது, பிறகு வா. அவ்வளவுதான். ஒழுங்கான சர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு அரைமணி கழித்து மறுபடி வரும். நான்கைந்து நாள் வரை விடாமல் முயலும். குப்பை வீசுகிறவனுக்கு அப்போது அந்தப் பொறுமை பெரும்பாலும் இருந்ததில்லை. ஸ்ரீரங்கத்துக்காரிக்கு இது புதிதாகத் தோன்றுமா? மந்திரத்தின் பொருள் கேட்டு இங்கிருந்து திருக்கோஷ்டியூருக்கு உடையவர் ராமானுஜர் பதினெட்டு முறை நடந்தார். குருவான திருக்கோஷ்டியூர் நம்பி திருப்பித் திருப்பி அனுப்பினார். கொடுக்காமலே கொடுத்துவிட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டவர் கையில் அவருடைய கேள்வி பத்திரமாக இருந்தது. அதனால் அடுத்த முறையும் வர முடிந்தது. 4 என்ற பதிலில் எனக்குப் பிடித்தது இதுதான். கடிதம் இன்னும் அனுப்பியவரிடமே இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மெயில் சர்வரில் நாம் மாட்டிய வடிகட்டி விழுந்துபோனால், வேறு சொல்லி வைக்காதவரை, சர்வர் சொல்வதும் இந்தப் பதிலைத்தான். ஆலோசனை சொல்கிறவன் வாயடைத்துப் போனால் ஏற்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம், பிறகு வரச் சொல். அதை அப்படி வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

நிரலை மாற்றி எழுத உட்கார்ந்தபோது ஒரு முடிச்சு வந்தது. ஒரே கடிதம் ஐந்து பேருக்கு வருகிறது. மூவர் கடுமையான வடிகட்டல் கேட்டவர்கள், இருவர் எதையும் தடுக்காதே என்றவர்கள். புள்ளி விழுந்த பிறகு ஐவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்ல முடியும். இதில் மாட்டிக்கொண்டுதான் பலரும் ‘ஏற்றுக்கொள், வேண்டாதவர்களுக்கு மட்டும் அழித்துவிடு’ என்ற வழிக்குப் போகிறார்கள். உள்ளூர் விநியோகத்துக்கான எல்எம்டிபி நெறியில் ஒவ்வொரு பெறுநருக்கும் தனிப் பதில் உண்டு. வெளி வாசலில் இல்லை. கடைசியில், முதல் பெறுநர் எந்த வகையோ அந்த வகையினரை மட்டும் அந்தப் பேச்சில் ஏற்று, மற்றவர்களுக்கு 452 சொல்ல வைத்தேன். அனுப்பியவர் அவர்களுக்காக இன்னொரு முறை வருவார். கொஞ்சம் தாமதம். யாருக்கும் பொய் இல்லை.

அழிக்கும் வரியை எடுத்த இடத்தில் மறுப்பை வைத்தேன். 550 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வரி எழுத இடமுண்டு. அனுப்பியவருக்குத் திரும்பும் கடிதத்தில் பெரும்பாலும் அது அப்படியே தெரியும். அந்த வரியில் தமிழ் எழுத்து வைக்க நெறி இடம் தரவில்லை. எளிய ஆங்கிலத்தில் காரணத்தையும் எங்கள் அறையின் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். குப்பை அனுப்புகிறவர்கள் அழைத்துத் தொல்லை செய்வார்கள் என்று எச்சரித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அழைக்கவில்லை. அழைத்தவர்கள் மனிதர்கள். பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர், “உங்க சர்வர் என்னை வேண்டாம்னுடுச்சும்மா, ஏன்னு கேக்கலாமா?” என்று தொடங்கினார். மாணவர்களின் புகைப்படங்களைச் சுருக்கிக் கட்டி ஒரே கோப்பாக அனுப்பியிருந்தார். காரணம் சொன்னேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். மறுநாள் பிரித்துப் பிரித்து அனுப்பினார், எல்லாம் சேர்ந்தன.

எண்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த மாற்றம் பின்னடைவு. மறுப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சில குப்பைகள் உள்ளே வந்தன; ஒரு துறைத்தலைவர் என் மேல் வருத்தப்பட்டார். அவரிடம் விபீஷணனைப் பற்றி நான் பேசவில்லை. தொலைந்த கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

பிறகு ஹராகா என்ற சர்வருக்கு மாறினோம். மொழி மாறியது, கொக்கிகளின் பெயர்கள் பெரும்பாலும் அவையேதான். ஒவ்வொரு முறை கடைசிக் கொக்கியைத் தொடும்போதும் அந்தப் பையன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த விதம் நினைவுக்கு வரும். தவறு என்னுடையது என்று அன்றே அவனிடம் சொன்னேன். பேராசிரியரிடமும் போய்ச் சொன்னேன். நிரம்பிய இடம் நிரம்பியதுதான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தன் மெயில் முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனான். அடுத்த வருடம் வரவில்லை.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்தத் தாள் கிடைத்தது. அன்று இரவு அவனுக்கு ஒரு மெயில் எழுதினேன். தமிழில், தலைப்பும் தமிழில். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். சில விநாடிகளில் திரும்பி வந்தது. திரும்பிவரும் கடிதங்களுக்கே உரிய முறையில் அனுப்புநர் இடம் காலியாக இருந்தது. அங்கிருந்த சர்வர் சொன்ன பதில் அதில் இருந்தது: 550, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

அதை அச்செடுத்து அந்தத் துண்டுத்தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது எனக்குத் தெரியும்.